பொடிசின் வலது இடுப்பு

இல்லை, அது உன்னால் வந்ததல்ல. நேற்று போனில் நீ அதைக் கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன், பக்கத்து அறையில் உன் தங்கை பொடிசு கதவைத் திறந்து வைத்தபடி படுத்திருந்தாள், அவள் காதுபட நான் என்ன சொல்வது. அதனால் எழுதுகிறேன், பெரியவளே. இங்கே நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு, உடம்பு படுத்தாமல் இருக்கிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். நலம் என்ற சொல்லை இந்த முறை எழுதவில்லை. எழுதினால் நீ அதற்கு அடியில் தோண்டிப் பார்ப்பாய்.

நீ அனுப்பிய வீடியோக்களைத்தான் சொல்கிறாய், தெரியும். காலை விரித்து உட்கார்ந்து முட்டியைத் தரையோடு அழுத்துவது, ஒரு காலை மடக்கி மார்போடு இழுத்துப் பிடிப்பது. தசை இறுகிவிட்டது, இழுத்துவிட்டால் இளகும் என்று நீ மட்டும் நினைக்கவில்லை, எல்லோரும் நினைத்தோம், முதலில் பார்த்த கிளினிக் டாக்டரே தொடைத் தசை பிடித்திருக்கிறது, ஓய்வு எடு, களிம்பு தடவு என்றுதான் அனுப்பினார். ஓய்வெடுத்தால் வலி போகும், மைதானத்துக்குப் போனால் வலியும் கூடவே வரும். உன் அப்பா தினமும் சாயங்காலம் லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்து அவள் எதிரே உட்கார்ந்து இரண்டு முட்டிகளையும் கீழே அழுத்துவார், "லிஃப்ட் கதவே என் கைக்குத் தொறக்குது, உன் காலு தொறக்காதா" என்பார், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள், நான் சமையலறையிலிருந்து "மெதுவாங்க, அது காலு" என்று கத்துவேன். வீடே சிரிப்பாக இருக்கும் அந்த நேரம். இப்போது அவர் அந்தப் பேச்சே பேசுவதில்லை. ஒருநாள் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "கதவு எங்கயோ இடிக்குதுன்னா தள்ளக் கூடாது, எங்க இடிக்குதுன்னு பாக்கணும், புதுசா வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தனுக்கும் இதை நான்தான் சொல்லிக் குடுக்கிறேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. சட்டையிடம் சொன்னார்.

உனக்கு முழுதாகச் சொன்னால்தான் மனசு ஆறும். இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் ஒரு பந்து. தொடை எலும்பின் தலைதான் பந்து. பொடிசுக்கு அந்தப் பந்து முழு உருண்டை இல்லை, பந்து முடிந்து எலும்பின் கழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மேடு. எலும்பு முற்றாத வயதிலேயே ஓடிக் குதித்துக் கடுமையாக விளையாடுகிற பிள்ளைகளுக்கு அப்படி வளர்வதுண்டாம். நின்றால் தெரியாது, நடந்தால் தெரியாது. ஆழமாகக் குந்தும்போது, குந்தியபடியே கால் உள்பக்கம் திரும்பும்போது, அந்த மேடு கிண்ணத்தின் விளிம்பில் போய் இடிக்கும். விளிம்பைச் சுற்றிக் குழாய் வாஷர் போல மெத்தென்று ஒரு வளையம் இருக்கிறது, அதை நசுக்கும். விக்கெட் கீப்பர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குந்தி எழுகிறாள் என்று உனக்கே தெரியும், ஹாலில் அவளுக்குப் பந்து போட்டுப் பழக்கியவள் நீ. இந்த மேடு பலருக்கு உண்டாம், ஒரு வலியும் இல்லாமல் காலம் முழுக்க நடந்து போய்ச் சேர்ந்தே விடுவார்களாம். ஆகவே நாம் இழுத்தும் அழுத்தியும் மேட்டை உண்டாக்கவில்லை. இடிக்கிற இடத்துக்கு அவளை மறுபடி மறுபடி கொண்டுபோனோம், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டு வேறு எழுதப் பார்த்தேன், வேறு சொல் வரவில்லை.

பெரிய மருத்துவமனையில் இடுப்பைப் பார்க்கவென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், மூக்குக் கண்ணாடி எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே நிற்கும், உன் அப்பா அவருக்கு வைத்த பெயர் கோணல் கண்ணாடி. எங்கே வலிக்கிறது என்று கேட்டார். அவள் கையால் இடுப்பைப் பக்கவாட்டில் கவ்விக் காட்டினாள், கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால் தொடை மடியும் இடத்தில், ஒரு பெரிய டம்ளரைப் பிடிப்பது போல. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதும், வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும், அவள் அப்படிப் பிடிப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். திமிராக இடுப்பில் கை வைத்து நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவர் அவளைப் படுக்கவைத்து, முட்டியை மார்புப் பக்கம் தூக்கி, உள்பக்கமாகத் திருப்பினார். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்தாள். விரல் நுனிகள் வெளுத்தன.

எக்ஸ்ரே, பிறகு ஸ்கேன். படத்தில் அந்த மேட்டைக் காட்டியபோது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல் இருந்தது. நான் லேபில் செய்வதே அதுதானே, மேல்தாடை அச்சையும் கீழ்த்தாடை அச்சையும் சேர்த்து நடுவில் நீலத் தாளை வைத்துக் கடிக்கவிட்டால் எந்தப் பல்லில் அழுத்தமாக நீலம் விழுகிறதோ அங்கே மேடு, ராவி எடுத்தால் தீர்ந்தது, ஒரு முடி கனம் கூடினாலும் மாட்டிக்கொள்கிறவருக்குத் தாடை முழுக்க வலிக்கும். நான் பல் செட் செய்கிறவள் என்று சொல்லி, "அந்த மேட்டை ராவிட்டா சரியாப் போயிடும், இல்லையா சார்" என்று கேட்டேன். எவ்வளவு தைரியமாகக் கேட்டேன் தெரியுமா. அவர் சிரிக்கவில்லை. "ராவலாம்மா. ஆனா இத்தனை நாள் கடிச்சுக் கடிச்சு விளிம்பு கிழிஞ்சிருக்கே. பல்லு மாதிரி இன்னொண்ணு செஞ்சு மாட்ட முடியாது" என்றார். அன்று மதியம் வேலைக்குத் திரும்பிப் போய், இருந்திருந்து ஒரு நல்ல செட்டைத் தேவைக்கு மேல் ராவிக் கெடுத்தேன். அதற்குப் பதிலாக இன்னொன்று வார்த்தேன்.

உடனே கத்தி வேண்டாம், முதலில் பயிற்சி என்று அவரே பிசியோவிடம் அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், குரல் மட்டும் பள்ளிக்கூட மணி. முதலில் அவள் கொடுத்தது பயிற்சி இல்லை, தடைகள். இழுக்காதே. குந்தாதே. தாழ்ந்த நாற்காலியில் உட்காராதே. கால் மேல் கால் போடாதே. சைக்கிள் சீட்டை உயர்த்து. பக்கவாட்டில் படுத்தால் முட்டிகளுக்கு நடுவே தலையணை வை. "இளக்க வேண்டியது ஒண்ணுமே இல்ல, தாங்க வேண்டியதுதான் இருக்கு" என்றாள். பின்பக்கத் தசையும் வயிற்றுத் தசையும் வலுவானால் பந்து கிண்ணத்துக்குள் ஒழுங்காக நிற்கும், இடிப்பது குறையும். பொடிசு படுத்துக்கொண்டு இடுப்பைத் தூக்கித் தூக்கி இறக்கினாள், ஒற்றைக் காலில் நின்றாள், கணுக்காலில் ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு ஹாலில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பக்கவாட்டில் நடந்தாள், உன் அப்பா எதிரே வந்தால் "நண்டு வருது, ஒதுங்குங்கப்பா" என்பாள். நிறைய பேருக்கு இதோடேயே சரியாகிவிடுமாம். அவளுக்கும் சரியாகிக்கொண்டுதான் வந்தது. கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறினாள். நின்றுகொண்டே சாக்ஸ் மாட்டினாள். உனக்குப் போனில் சந்தோஷமாகச் சொன்னேனே, அது பொய் இல்லை, அந்த மாதங்களில் அதுதான் உண்மை. பிறகு ஒருநாள் பாத்திர மூடி ஒன்று அடுப்பு மேடைக்கு அடியில் உருண்டது. எடுக்கக் குந்தினாள். எழுந்திருக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன், மூடி கையில் இருக்கிறது, முகத்தில் ஒன்றுமே இல்லை, "நீ வேலையப் பாரும்மா, நான் இங்கயே கொஞ்ச நேரம் இருக்கேன்" என்றாள்.

அந்த வாரம்தான் கிரிக்கெட் அணித் தேர்வு முகாமுக்கு அழைப்பு வந்தது. எத்தனை வருஷமாகக் காத்திருந்த அழைப்பு என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். நடுவில் ஒரு தடவை மூட்டுக்குள் ஊசி போட்டிருந்தார்கள், வலி மூட்டிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்யவும் கொஞ்சம் தணிக்கவும், அதற்குப் பிறகு சில வாரம் அவள் இறகு மாதிரி இருந்தாள். அதை வைத்து ஒரு கணக்குப் போட்டாள், இன்னொரு ஊசி, முகாம், சீசன், எல்லாம் முடிந்து ஆபரேஷன். கோணல் கண்ணாடி கேட்டுவிட்டு, "ஊசி வலிய மூடும், இடிக்கிறத நிறுத்தாது. இன்னொரு சீசன் குந்தினா கிண்ணத்தோட உள்பூச்சே தேஞ்சிடும், அப்புறம் நான் உள்ள போயும் செய்றதுக்கு ஒண்ணும் இருக்காது" என்றார். இப்போது செய்தால் சின்னச் சின்ன துளைகள் வழியாகக் கருவியை விட்டு மேட்டை ராவி, கிழிந்த விளிம்பைத் தைத்துவிடலாம், சில வாரம் கைத்தடி, சில மாதம் கழித்து ஓட்டம், சீசன் போனது போனதுதான். "அப்புறம் கீப்பிங்?" என்றாள். ஓடலாம், பேட் பிடிக்கலாம், அதிகம் பேர் ஆட்டத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்றவர், கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நாள் முழுக்கக் குந்துறதுக்கு மட்டும் நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். பஸ்ஸில் வரும்போது, "நல்ல மனுஷன்மா, பொய் சொல்ல வரல பாரு" என்றாள். வீட்டில் உன் அப்பா முகாமை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே என்று தொடங்கினார், "அடுத்த வருஷம் அந்த எடத்துல இன்னொருத்தி குந்தியிருப்பாப்பா" என்றாள். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மைதானத்துக்குப் போகிறேன், நீயும் வா என்றாள். எதற்கும் என்னைக் கூப்பிடாதவள். முகாமுக்கு வருகிறேன் என்று கோச்சிடம் சொல்லத்தான் போகிறாள் என்று எனக்குப் பட்டது, தடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கூட நடந்தேன், வலையருகே போகும்வரை முடிவுக்கு வரவில்லை. அங்கே மூன்று சின்னப் பெண்கள் கீப்பிங் பழகிக்கொண்டிருந்தார்கள், கையுறை முழங்கை வரைக்கும் வரும் போல அவ்வளவு சிறிசுகள். மூன்றும் ஒரே மாதிரி குந்தியிருந்தன. வலது குதிகால் தரையில் படவில்லை. வலது முட்டி வெளிப்பக்கம் வீசியிருக்கிறது. உடம்பு முழுக்க இடது காலில். நான் விளையாட்டு தெரியாதவள், ஆனால் போன வருஷம் முழுக்க என் மகள் அப்படிக் குந்தியதைப் பார்த்திருக்கிறேன், நீகூட வீடியோ பார்த்துவிட்டு செம கெத்தா இருக்காம்மா என்று எழுதியிருந்தாய், இடிக்கிற இடத்துக்குப் போகாமல் தப்பிக்க உடம்பு தானாகவே கண்டுபிடித்த கோணல் அது என்று பிசியோ சொல்லித்தான் பிறகு எனக்குத் தெரியும். கோச் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார், முகமெல்லாம் பல். "பாருங்கம்மா, உங்க பொண்ணு ஸ்டைலு. மூணுக்கும் ஏத்திவிட்டுட்டேன்ல" என்றார். பெருமை அவருக்கு. நல்ல மனிதர், மழையில்கூட இந்தப் பிள்ளைகளை விட்டு நகராதவர். அதில் ஒருத்தி குந்தியபடியே தலையைத் தூக்கி, "அக்கா, முட்டிய இன்னும் வெளிய தள்ளணுமா, உங்கள மாதிரி வரவே மாட்டேங்குது" என்றாள்.

பொடிசு பையைத் தோளிலிருந்து இறக்கினாள். இறக்கிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம் போய், குனியாமல், நின்றபடியே, "எழுந்திருடி" என்றாள். மூன்று பேரும் எழுந்தார்கள். "அது ஸ்டைல் இல்ல. எனக்கு வலி, அதான் அப்படிக் குந்தினேன். உனக்கு வலிக்குதா?" அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டினாள். "அப்போ ரெண்டு குதிகாலும் ஒரே மாதிரி வச்சு நேரா குந்து. வலிச்சா குந்தாத, வீட்டுல சொல்லு, இவர்கிட்ட சொல்லு." கோச் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது, எடுத்துவைக்க இடம் தெரியாமல். "அப்போ அரையிறுதியில நீ பிடிச்ச அந்தக் கேட்ச்சு?" என்றார். "அதுவும் வலியோடதான் சார்." "என்கிட்ட ஏன்மா சொல்லல?" "சொன்னா உக்கார வச்சிருப்பீங்க." அவர் குனிந்தார். கொஞ்ச நேரம் ஸ்டம்பை ஆட்டி ஆட்டி மண்ணில் இறுக்கிக்கொண்டிருந்தார், அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. பொடிசு அந்த மூன்று பேரையும் மறுபடி குந்த வைத்தாள். பழகிய கோணல் லேசில் போகவில்லை, குந்தினால் வலது குதிகால் தானாக மேலே வருகிறது, அவள் தன் கால் நுனியால் அவர்கள் பாதத்தை மெல்ல அழுத்தி, இல்லடி, இல்லடி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மதியம் வரை அது நடந்தது. முகாமைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

அழுதாளா என்று கேட்பாய். இல்லை. அழுதிருந்தால் எனக்குச் செய்ய ஏதாவது இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிச் சாப்பிட்டாள், ரப்பர் பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு ஹாலில் நடந்தாள், நண்டு என்று சொல்லவில்லை, அப்பா தானாகவே ஒதுங்கிக்கொண்டார். வலி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இப்படியும் போகுமா, பார்த்து ஆசைப்பட்டு, அழகு என்று நினைத்து. அந்தச் சிறுமிகளின் குதிகால்கள் கண்ணை விட்டுப் போகவில்லை. அதைவிட ஒன்று, சொன்னால் தப்பாக நினைக்காதே. அவள் அந்தக் கோணலில் குந்தியிருந்ததும் அழகாகத்தான் இருந்தது. அதை இனி எப்படி நினைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முகாமிலிருந்து பதில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மருத்துவமனையிலும் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் அவளிடம் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பது கேட்பதைவிடப் பெரிய சத்தமாக இருக்கிறது இந்த வீட்டில். ஆபரேஷன் வேண்டாம் என்று அவள் சொன்னால் உன் அப்பா உடைந்துபோவார், வேண்டும் என்று சொன்னால் அவள்.

நீ போன் செய்யும்போது சீசன் பற்றிக் கேட்காதே. வீடியோ எதுவும் அனுப்பாதே, நல்லதாக இருந்தாலும். உன் ஆபீஸ் கதை சொல், பக்கத்து மேசைக்காரி மூக்கை உறிஞ்சுவதைப் பற்றிச் சொல், அதற்கு அவள் சிரிப்பாள். மன்னிப்பு என்று தொடங்காதே, அவளுக்கு அதைச் சமாளிக்கிற வேலையும் சேரும். இன்னொன்று, உனக்கும் முன்பு பஸ்ஸில் இறங்கும்போது தொடை மடிப்பில் சுருக்கென்கிறது என்று சொல்லியிருக்கிறாய், நான் வெயிட் போட்டுவிட்டாய் என்று கிண்டல் செய்தேன். ஒரே வீட்டில் பிறந்த எலும்புகள் ஒரே மாதிரி வளர்வதுண்டு என்கிறார் கோணல் கண்ணாடி. இப்போதும் இருந்தால் நீயாகத் தேடிப் படித்து எதையும் செய்யாதே, இழுக்காதே, இடுப்பு தெரிந்த ஒருவரிடம் போய்க் காட்டு. சோபாவில் சம்மணம் போட்டு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்காராதே, எழுந்து நட. மறந்துவிடாதே, இதை நீ செய்தாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். நீ எங்கே இருந்தாலும் உன் கை கால் உன் பேச்சைக் கேட்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு ஒரு நல்ல மனிதர் முன்னால் நிற்கட்டும், வலித்தால் வலிக்கிறது என்று சொல்லும் தைரியம் உனக்கு இருக்கட்டும். அப்பாவின் அன்பும் இதில் இருக்கிறது, அவர் எழுதமாட்டார், உனக்குத் தெரியும்.

உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு வரி. பொடிசு இப்போதுதான் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். ஆபரேஷனுக்கு முதலில் காலியாக இருக்கும் தேதி எது என்று கேட்டாள், அவர்கள் சொன்னார்கள், சரி என்றாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு துணி காயப் போட மாடிக்குப் போனாள்.